வாசகர் கேள்வி பதில்: மாகாண சபை வந்தால் லயத்துத் தையல்காரிக்கு என்ன?

இந்த முறை தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றில் முக்கால்வாசி நம் இலங்கையின் மாகாண சபைகளைப் பற்றித்தான். அதனால் ஓய்வூதியம், கடவுச்சீட்டு, பிள்ளையின் பாடசாலை அனுமதி பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்கள் விருப்பப்படி பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: எனக்கு இருபத்தாறு வயது. இன்னும் ஒரு தடவைகூட மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. தேர்தல் வருகிறது வருகிறது என்கிறார்கள், வந்தபாடில்லை. ஏன் என்று புரியும்படி சொல்வீர்களா?
– மஸ்கெலியா வாசகர்

சொல்கிறேன் தம்பி. மத்திய மாகாணத்தில் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டெம்பரில், அப்போது நீங்கள் அரைக்கால்சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். சப்ரகமுவையில் 2012, ஊவாவில் 2014. ஒரு சபையின் ஆயுள் ஐந்து வருடம் என்பதால் சப்ரகமுவ 2017இலும் மத்திய மாகாணம் 2018இலும் ஊவா 2019இலும் முடிந்துபோயின. அன்று முதல் மூன்றையும் ஆளுநர்களும் செயலாளர்களும்தான் நடத்துகிறார்கள்.

தேர்தல் நின்றுபோன கதை சுருக்கமாக இதுதான். 2017இல் பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றி, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் (கட்சி வாங்கிய வாக்கின் அளவுக்கு இடம்) என்று சட்டம் செய்தது. தொகுதி என்றால் எல்லை வகுக்க வேண்டும் அல்லவா, வகுத்தார்கள். அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறையைச் சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று, புதிய முறைக்கு எல்லை கிடையாது, அந்த இடத்திலேயே வண்டி நிற்கிறது. பாராளுமன்றம் மனம் வைத்தால் ஒரு சிறிய திருத்தச் சட்டத்தோடு பழைய விகிதாசார முறைக்கே போய்த் தேர்தலை நடத்திவிடலாம். அந்த மனம்தான் இதுவரை எந்த அரசாங்கத்துக்கும் வரவில்லை.

கேள்வி: தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கள் காம்பராவில் இரண்டு தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறேன். ஜனவரியில் மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு ஓர்டர் வரும். இன்னும் இரண்டு மெஷின் வாங்கிப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். கிராமியத் தொழிலுக்கு மாகாண சபை உதவும் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் கிராமமா, தோட்டமா?
– பொகவந்தலாவை வாசகி

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்று அரசியலமைப்பில் சேர்ந்தது. எந்த அதிகாரம் மாகாணத்துக்கு, எது கொழும்புக்கு, அதாவது மத்திய அரசுக்கு, எது இரண்டு பேருக்கும் என்று மூன்று நிரல்கள். மாகாணத்துக்குரிய முதல் நிரலில் கிராமிய அபிவிருத்தி இருக்கிறது, கூட்டுறவு இருக்கிறது, சந்தைகள் இருக்கின்றன, உள்ளூராட்சியும் இருக்கிறது. உங்களைப் போன்ற ஒரு தொழிலுக்கு வேண்டியதில் பெரும்பங்கு அதற்குள்தான். விவசாயமும் அதில் உண்டு, ஆனால் பெருந்தோட்ட விவசாயம் நீங்கலாக என்று போட்டிருக்கிறார்கள்.

நீங்கலாக என்று சொன்னது தேயிலைச் செடியை. தேயிலைக்கு நடுவில் இருந்து தைக்கிற உங்களைச் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் பல உத்தியோகத்தர்கள் இரண்டையும் ஒன்றாக்கி, தோட்டம் என்றாலே அது எங்கள் வேலையில்லை, கம்பனியைக் கேளுங்கள், பெருந்தோட்ட அமைச்சைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிடுகிறார்கள். பிரதேச சபைகளிலும் இதே கதைதான் ஓடியது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் ஒரு லாம்புக் கம்பம் போடக்கூட முடியாது என்பார்கள். அந்தப் பிரிவை 2018இல்தான் திருத்தினார்கள். அதே வருடம் அம்பகமுவ, நுவரெலியா என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிந்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபைகளாயின. அதற்கு முன் ஒரு சபைத் தவிசாளரைப் பார்க்கவே பஸ் மாறிப் போகவேண்டியவர்கள் எத்தனையோ பேர்.

இப்போது உங்கள் கடனுக்கு வருகிறேன். வணிகப் பெயரைப் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போவீர்கள். படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொழிலின் தன்மை என்று விறுவிறு என்று நிரப்பிக்கொண்டு போய், தொழில் நடக்கும் இடம் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். இடம் யாருடையது? காணி அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகை, லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதற்குள் மூன்று தலைமுறையாக இருப்பது மட்டும் நீங்கள். அதனால் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். கடிதம் கொடுக்கிற துரையும் உண்டு, இன்றைக்குக் கடிதம் கொடுத்தால் நாளைக்கு அந்தக் காம்பராவுக்கு உரிமை கேட்பார்கள் என்று பயந்து இழுத்தடிக்கிற துரையும் உண்டு. நாலு தரம் ஒபிஸ் வாசலில் நின்றால் நாலு நாள் பேரும், அதாவது நாட்கூலியும், போய்விடும்.

நான் சொல்வது இது. தனியாகப் போகாதீர்கள். உங்கள் பிரிவில் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் ஏதாவது பதிவில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள், இருந்தால் அதில் சேருங்கள், இல்லையென்றால் ஐந்தாறு தையல்காரிகள் சேர்ந்து ஒன்றைத் தொடங்குவது பற்றிக் கேளுங்கள். மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களங்கள் நெடுங்காலமாகத் தையல் பயிற்சி நிலையங்கள் நடத்திவருகின்றன, ஆகவே உங்கள் தொழில் அவர்களுக்குப் புதிதல்ல. பிரதேச செயலகத்திலேயே சிறுதொழில் முயற்சிக்கென்று ஒரு உத்தியோகத்தர் இருப்பார், அவர் மத்திய அரசின் ஆள், அவரையும் பாருங்கள். மாகாணத்தின் ஆள் இவர், மத்தியின் ஆள் அவர் என்று பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை உங்களுக்கில்லை, இரண்டு கதவையும் தட்டுங்கள். உறுதி இல்லாதவர்களுக்குப் பிணையாளை வைத்துக் கடன் கொடுக்கும் வழி அரச வங்கிகளில் இருக்கிறது, அரச உத்தியோகம் பார்க்கும் இரண்டு பேரைத் தேடிப்பிடிப்பதுதான் சிரமம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கிற கடன் பக்கம் போகவேண்டாம். மெஷின் வாங்கப் போய் மெஷினையே விற்றவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: கண்டி நகரில் நாற்பது வருடமாகப் பலசரக்குக் கடை. அந்தக் காலத்தில் மாகாணத்துக்கென்று வரி கட்டியதாக ஞாபகம். இப்போது அப்படி ஒன்றையும் காணோம். மாகாண சபைக்குக் காசு எங்கிருந்து வருகிறது?
– கண்டி வாசகர்

ஞாபகம் சரிதான் ஐயா. மொத்த, சில்லறை வியாபாரத்தின் புரள்வுக்கு (மொத்த விற்பனைத் தொகைக்கு) வரி போடும் அதிகாரம் மாகாணத்துக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது. 2011 முதல் அதை நிறுத்திவிட்டு, கொழும்பு வசூலிக்கிற தேச நிர்மாண வரியில் மூன்றில் ஒரு பங்கை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். ஆக, சொந்தமாக வசூலித்த வரியை முதலில் கைமாற்றினார்கள், பிறகு மாற்றிக் கொடுத்ததும் இல்லாமல் போனது.

முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம், நீதிமன்றத் தண்டப்பணம் போன்றவை இன்னும் மாகாணத்துக்கு உண்டு. பெரும்பகுதிச் செலவு நிதி ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி கொழும்பிலிருந்து வருகிற பணத்தில் ஓடுகிறது, அதிலும் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கும் வைத்தியசாலைக்கும் போய்விடும். மிஞ்சுவதில்தான் பாதை, சந்தை, சுயதொழில் எல்லாம். முன்பு அந்த மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்று பல்லேகலையில் சபை கூடிச் சண்டையாவது போட்டார்கள். இப்போது ஆளுநரின் கையெழுத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது, சத்தமே கேட்பதில்லை.

கேள்வி: கிராமப்புறத் தொழில், வாழ்வாதாரம் பற்றி மாகாண சபைகளில் உருப்படியான விவாதம் எப்போதாவது நடந்திருக்கிறதா? அல்லது வரவேற்புரையும் மலர்மாலையும்தானா?
– ஹட்டன், உயர்தர மாணவி

குத்தலாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், அரசியல் விஞ்ஞானப் பாடத்துக்கும் உதவும்.

2012இல் அரசாங்கம் திவிநெகும என்று ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. வறிய குடும்பங்களுக்கு உதவி கொடுக்கிற சமுர்த்தி அதிகார சபை, தென் அபிவிருத்தி அதிகார சபை, நம் பக்கத்து உடரட்ட அபிவிருத்தி அதிகார சபை மூன்றையும் கலைத்து, ஒரே திணைக்களமாக்கி, கிராமத்து வாழ்வாதாரம், சிறு கடன், வீட்டுத் தொழில் எல்லாவற்றையும் கொழும்பில் ஓர் அமைச்சரின் கீழ் கொண்டுபோகும் திட்டம். வழக்குப் போனது. உயர் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கிராமிய அபிவிருத்தி மாகாண நிரலில் உள்ள விடயம், ஆகவே ஒவ்வொரு மாகாண சபையிடமும் கருத்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றது. எல்லாச் சபைகளும் சம்மதித்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும், இல்லையென்றால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். அரசியலமைப்பில் 154ஜீ உறுப்புரையில் இருக்கிற விதி அது.

ஆக, ஒரு மலையகக் கிராமத்தில் யாருக்குக் கோழிக்குஞ்சு கொடுப்பது, யாருக்குக் கடன் கொடுப்பது என்ற அதிகாரம் யார் கையில் இருக்கவேண்டும் என்பதைச் சபைகள் தீர்மானிக்கும் கட்டம் வந்தது. கண்டியிலும் பதுளையிலும் இரத்தினபுரியிலும் இருந்த உறுப்பினர்கள், எங்கள் அதிகாரத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால் எங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டிருக்கலாம். இருந்த எட்டுச் சபைகளும் சரி என்று சொல்லிவிட்டன. எட்டிலும் அதிகாரத்தில் இருந்தது ஆளும் கூட்டணி, கட்சி சொன்னால் கை தூக்கத்தானே வேண்டும். நம் தொழிற்சங்கக் கட்சிகளும் அந்தக் கூட்டணிக்குள்தான் இருந்தன என்பதையும் சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள்.

வடக்கில் அப்போது சபையே இல்லை, ஆளுநர் சம்மதம் கொடுத்தார். அது செல்லாது, தெரிவுசெய்யப்பட்ட சபையின் இடத்தில் ஆளுநர் நின்று தலையாட்ட முடியாது என்று உயர் நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. கடைசியில் 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சட்டம் நிறைவேறியது. அதே மாதம் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அன்றைய அரசாங்கம் சொன்னது, நம்பியவர்கள் குறைவு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், சபையில் ஆள் இருந்தும் எட்டுச் சபை வாய் திறக்கவில்லை. ஆள் இல்லாத வடக்கின் வெற்றிடம்தான் சட்டத்தைக் கொஞ்சமாவது தடுத்தது. சபை இருந்தால் போதும் என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்தக் கதையை ஒருமுறை சொல்லிப்பாருங்கள்.

சின்னச் சின்ன விடயங்களில் நல்ல விவாதம் நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் பற்றாக்குறை, தோட்டப் பாதை, சாராயத் தவறணை அனுமதி என்று நம் உறுப்பினர்கள் நன்றாகவே கத்தியிருக்கிறார்கள். ஆனால் முதலமைச்சரோடு சேர்த்து மொத்தமே ஐந்து அமைச்சர்கள், அதில் நமக்கு ஒன்று கிடைத்தால் அதிலேயே எல்லாம் கரைந்துபோகும்.

கேள்வி: போஞ்சி, லீக்ஸ், கரட் பயிரிடுகிறோம். விலை விழும்போது கேட்க ஆளில்லை. விவசாயம் மாகாணத்துக்கு என்றால் நாங்கள் யாரைப் பிடிப்பது?
– வெலிமடை வாசகர்

இதுதான் குழப்பத்தின் உச்சம் அண்ணே. தோட்டத்துக்கு வந்து இலையைத் திருப்பிப் பார்த்து மருந்து சொல்கிற விவசாயப் போதனாசிரியர் பெரும்பாலும் மாகாணத்து ஆள். உர மானியத்துக்கு நீங்கள் போய் நிற்கிற கமநல சேவை நிலையம் மத்தியுடையது. மூட்டையை ஏற்றிக்கொண்டு போகிற கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையமும் மத்தியின் கையில். பொல என்று நாங்கள் சொல்கிற கிழமைச் சந்தை பிரதேச சபையிடம், பிரதேச சபை மாகாணத்தின் கீழ். உருளைக்கிழங்கு இறக்குமதி வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் நிதி அமைச்சு. நீங்கள் நட்ட ஒரு கிழங்கு சட்டிக்குப் போவதற்குள் எத்தனை கச்சேரி வாசல் பாருங்கள்!

விலை விழுவதை எந்த மாகாண சபையும் தடுத்துவிட முடியாது. ஆனால் 2021ஐ மறந்துவிடாதீர்கள். இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியதுபோல் நிறுத்தினார்கள், நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிக்காரர் பட்ட பாடு ஊருக்கே தெரியும், அந்த வருடம் நவம்பரில்தான் தடையை எடுத்தார்கள். அத்தனை மாதமும் நாட்டில் ஒன்பது மாகாண சபைகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தடை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஊவா சபையில் 34 பேர், அவர்களில் வெலிமடை வாக்கை நம்பி வந்தவர்கள் சும்மா இருந்திருக்க முடியாது, ஒரு கண்டனத் தீர்மானமாவது பத்திரிகையில் வந்திருக்கும். நீங்கள் பிடித்து உலுக்க ஒரு சட்டைக் கொலர் கிடைத்திருக்கும்.

கேள்வி: மாகாண சபை வெள்ளை யானை, செலவு மிச்சம் என்று மூடிவிட்டால் என்ன?
– பண்டாரவளை வாசகர்

உறுப்பினர்களின் சம்பளமும் வாகனமும்தான் மிச்சம். திணைக்களங்கள் அப்படியே ஓடுகின்றன, ஆளுநர் மாளிகையும் ஓடுகிறது. கேள்வி கேட்கிற பகுதியை மட்டும் மூடிவைத்திருக்கிறோம்.

கேள்வி: சபையில் தமிழில் பேசலாமா? அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாமா? சிங்களத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.
– பசறை வாசகி

இரண்டுமே உரிமை அம்மா. மாகாண சபை உறுப்பினரும் உள்ளூராட்சி உறுப்பினரும் தமிழிலோ சிங்களத்திலோ கடமை செய்யலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அலுவலக விடயத்தில், நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகளை 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவித்துவிட்டார்கள், உங்கள் பசறையும் அதில் உண்டு. தமிழிலேயே கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுப்பதை எழுத்தில் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள், அநேகமாக அதோடு வாங்கிக்கொள்வார்கள்.

கேள்வி: சபை இல்லாத காலத்தில் எங்கள் பகுதிக்கு மாகாணம் என்ன செலவழித்தது என்று யாரிடம் கேட்பது? ஆளுநருக்கு எழுதினேன், பதிலே இல்லை.
– இராகலை வாசகர்

ஆளுநருக்கு மகஜர் எழுதுவதைவிட வேலைக்காகிற வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். மாகாண அமைச்சுகள், மாகாணத் திணைக்களங்கள், பிரதேச சபைகள் எல்லாம் அதற்குள் அடங்கும், ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். குறிப்பிட்ட படிவம் கட்டாயமில்லை, வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினாலும் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாகவேண்டும், சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம் போகலாம், அங்கேயும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியை மட்டும் பொத்தாம்பொதுவாக வைக்காதீர்கள். எங்கள் பகுதிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் இரண்டு பக்கத்துக்கு வாழ்த்துரை வரும். போன வருடம் வலப்பனை பிரதேச செயலகப் பிரிவில் கிராமிய அபிவிருத்திக்கும் சுயதொழிலுக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு, உதவி பெற்றவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் தோட்டப் பிரிவுகளில் வசிப்பவர்கள் என்று நாலே வரியில் கேளுங்கள். அந்த நாலாவது எண்ணிக்கைக்காகத்தான் மற்ற மூன்றையும் கேட்கிறோம் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும். கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள் என்றால், கிடைத்தது என்று திகதியோடு எழுதிக் கையெழுத்து வாங்காமல் அலுவலகத்தை விட்டு இறங்காதீர்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறோம்.